டிஃபரன்ஷியலுக்கு வெல்டிங் வைப்பதற்கு முன்னும் பின்னும்

சேற்று வயலில் டிராக்டரின் ஒரு பின் சக்கரம் புதைந்து வெறுமனே சுழல, மற்றொரு சக்கரம் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு என்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, திரும்பும்போது அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுப்பான டிஃபரன்ஷியலின் குணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஓட்டுபவர் காலடியில் இருக்கும் லாக் பெடலை மிதிக்கிறார். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று வண்டி வெளியே வருகிறது. வரப்போரம் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுகிறார். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது, அந்தப் பெடலை மிதித்த நிலையிலேயே கம்பி போட்டுக் கட்டிவிடுவதற்குச் சமம். இதன் நன்மை முழுவதும் மிதிப்பதில் இருக்கிறது. தீமை முழுவதும் காலை எடுக்க முடியாமல் போவதில் இருக்கிறது.

இந்த வேலையைப் பெரும்பாலும் இரண்டு தரப்பினர் செய்கிறார்கள். ஒரு தரப்பினர் பாறையிலும் சேற்றிலும் வண்டி ஏற்றுகிறவர்கள். அமெரிக்காவில் சுசூகி சாமுராய் வைத்திருப்பவர்களிடையே இது பழைய பழக்கம். வெல்டிங் மிஷின் தயாரிக்கும் கம்பெனியின் பெயரைச் சேர்த்து இதை 'லிங்கன் லாக்கர்' என்று கேலியாகச் சொல்வார்கள் (லாக்கர் என்றால் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் கருவி). அந்த சாமுராயின் உடன்பிறப்புதான் நம் ஊரில் 1985இல் வந்த மாருதி ஜிப்சி. இன்னொரு தரப்பினர் டிரிஃப்ட் ஓட்டுகிறவர்கள், அதாவது பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டாகச் சறுக்கி ஓட்டுகிறவர்கள். ஜப்பானில் நிசான் சில்வியா, டொயோட்டா ஏஇ86 போன்ற பின் சக்கர இயக்கமுள்ள பழைய கார்களில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை ஓரளவு தடுக்கும், விலை உயர்ந்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்கப் பணமில்லாத இளைஞர்கள் வெல்டிங்கை நாடினார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு: சக்கரம் தரையில் வழுக்குவது அவர்களுக்குக் குறையன்று. அந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உள்ளே நடப்பது என்ன

என்ஜின் பக்கமிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரம் சுழற்ற, கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரம் சுழல்கிறது. கிரவுன் வீல் ஒரு வார்ப்பிரும்புக் கூட்டின் மீது போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கூட்டின் நடுவே குறுக்காக ஒரு பின்னும், அதில் சுழலக்கூடிய இரண்டு ஸ்டார் பினியன்களும், அவற்றோடு பல் கோத்தபடி இடமும் வலமுமாக இரண்டு சன் கியர்களும் இருக்கும். ஒவ்வொரு சன் கியரின் நடுத்துளையிலும் உள்ள ஸ்ப்ளைன் எனும் நீள்வரிப் பற்களில், சக்கரத்துக்குப் போகும் ஓர் ஆக்சில் ஷாஃப்ட்டின் முனை நுழைந்திருக்கும். வண்டி நேராக ஓடும்போது இந்த நான்கு சிறு பற்சக்கரங்களும் தம்முள் அசையாமல் கூட்டோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். வண்டி திரும்பும்போதுதான் ஸ்டார் பினியன் தன் அச்சில் சற்றே உருண்டு, ஒரு பக்கம் குறைத்த வேகத்தை மறுபக்கம் கூட்டிக்கொடுக்கிறது.

இந்த அமைப்பு இரு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கத் தொடங்கினால், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே 200தான் போய்ச்சேரும். என்ஜினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் பயனில்லை. வெல்டிங் வைத்தபின் இந்தப் பங்கீடு இல்லாமல் போகிறது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கிறதோ அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் அதற்குப் போகும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மறு சக்கரம் வண்டியைத் தள்ளும்.

இப்போது திரும்புவதற்கு வருவோம். ஜிப்சியின் இரு பின் சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.3 மீட்டர். வண்டி 90 டிகிரி திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட எத்தனை தூரம் கூடுதலாக ஓட வேண்டும் என்பது வளைவின் அளவைப் பொறுத்ததன்று. இந்த இடைவெளியை மட்டுமே பொறுத்தது. கணக்குப் போட்டால் 2.04 மீட்டர் வருகிறது. 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அதாவது தெரு முனையில் ஒரு முறை திரும்பினால் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வித்தியாசம். டிஃபரன்ஷியல் அதை ஓசையில்லாமல் சரிக்கட்டிவிடும். வெல்டிங் வைத்த வண்டியில் அந்த இரண்டு மீட்டரையும் ரப்பர்தான் தரையில் தேய்ந்து தீர்க்க வேண்டும். நெடுஞ்சாலையின் நீண்ட வளைவில் இந்தத் தேய்ப்பு பல நூறு மீட்டருக்குப் பரவிவிடுவதால் ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகலாம். குறுகிய திருப்பத்தில் ஏழெட்டு மீட்டருக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

இப்படி வெல்டிங் வைத்த ஜிப்சி ஒன்றை முதன்முதலாக ஓட்டியபோது, பெட்ரோல் பங்கின் சிமென்ட் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தேன். பின்னாலிருந்து விட்டு விட்டுக் கீச்சென்ற சத்தமும், அதற்கு ஏற்றாற்போல் இருக்கைக்குக் கீழே ஒரு குதிப்பும் வந்தன. ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டே போய், டயர் தாங்க முடியாமல் வழுக்கியதும் முறுக்கு சட்டென்று விடுபடுகிறது, மீண்டும் முறுக்குகிறது. அதுதான் அந்தக் குதிப்பு. காற்றுப் பிடிக்கும் பையன் ஹேண்ட்பிரேக்கை எடுக்கச் சொல்லிக் கை காட்டினான்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாக உருள்கின்றன, ஏனெனில் அச்சு அவற்றைச் சுழற்ற வேண்டியதில்லை. பந்தயக் கோ-கார்ட்டில் இரு பின் சக்கரங்களும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டிருந்தும் அது திரும்புகிறதே என்று கேட்கலாம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உள் பக்கப் பின் சக்கரம் தரையிலிருந்து மெல்லத் தூக்கிக்கொள்ளும்படி அதன் முன் அச்சை அமைத்திருக்கிறார்கள். உங்கள் காருக்கு அந்த வசதி இல்லை.

எது கிடைக்கிறது, எது போகிறது

செலவு குறைவு என்பதே முதல் நன்மை. புதிய லாக்கரோ லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலோ வாங்கும் விலையில் சிறு பகுதிகூட இதற்கு ஆகாது. தேய்வதற்குக் கிளட்ச் தட்டு இல்லை, காற்றுக் குழாய் இல்லை, சுவிட்ச் இல்லை. ஆகவே பழுதாக வேண்டிய பாகங்களும் குறைவு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இரு சக்கரமும் ஒன்றாகத் தள்ளும் என்பதில் ஐயமே இருக்காது. டிரிஃப்ட் ஓட்டுகிறவர்கள் விரும்புவது இந்த உறுதியைத்தான்.

இழப்புகளின் பட்டியல் இதைவிட நீளமானது. டயர் தேய்வையும் சத்தத்தையும் மேலே பார்த்தோம். ஆக்சில் ஷாஃப்ட்டின் நிலை அடுத்தது. முன்பு எந்த நிலையிலும் ஒரு ஷாஃப்ட்டுக்கு மொத்த முறுக்கு விசையில் பாதிக்கு மேல் போனதில்லை. தயாரிப்பாளர் அந்தப் பாதியை மனத்தில் வைத்துத்தான் அதன் பருமனைத் தீர்மானித்திருப்பார். இப்போது ஒரு சக்கரம் பாறைக்கு மேல் தொங்கும்போது முழு விசையும் மற்றொரு ஷாஃப்ட் வழியே போகிறது, அதுவும் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரில். ஷாஃப்ட்டே சக்கரத்தையும் தாங்கும் வகை ஆக்சில்களில், அது பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரம் கழன்று தனியே ஓடும்.

ஆனால் இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது ஈரச் சாலையைத்தான். திரும்பும்போது உள் சக்கரம் தன் தேவைக்கு மேல் வேகமாகச் சுழன்று முன்னே தள்ளுகிறது. வெளிச் சக்கரம் போதிய வேகம் கிடைக்காமல் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து வண்டியை வளைவுக்கு வெளியே நேராக நகர்த்தப் பார்க்கின்றன. ஓட்டுபவர் ஸ்டியரிங்கை மேலும் ஒடித்து, வண்டி திரும்ப மறுப்பதை உணர்ந்து கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்கிறார். அந்த நொடியில் இரண்டு பின் டயர்களும் ஒருசேரப் பிடிப்பை இழக்கின்றன. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு டயர் வழுக்கினாலும் மற்றது பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும். இங்கே நிறுத்த ஒன்றும் மிச்சமில்லை. திரும்பவே மாட்டேன் என்ற வண்டி கண்ணிமைப்பதற்குள் வாலைச் சுழற்றிவிடும். முதல் மழையில் எண்ணெய்ப் படிவம் மிதக்கும் சாலையில் இதற்கு வேகமே தேவையில்லை.

எனவே எந்த வண்டிக்குக் கூடாது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முன் சக்கர இயக்கமுள்ள காருக்குக் கூடவே கூடாது. ஸ்டியரிங் கைக்கு அடங்காது. ஃபோர்வீல் வண்டியாக இருந்தாலும் முன் ஆக்சிலைத் தொட வேண்டாம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியே அளந்து பிரேக்கை இயக்கும் ஏபிஎஸ், ஈஎஸ்பி உள்ள கார்களுக்கும் வேண்டாம். அந்தக் கணினி இரு பின் சக்கரங்களும் பிணைக்கப்பட்டிருப்பதை அறியாது. குழந்தையைப் பள்ளியில் விடவும் காய்கறி வாங்கவும் போகும் வண்டிக்கு, அது எந்த வண்டியானாலும், என் பதில் வேண்டாம் என்பதே. டிரெய்லரில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு வரும் வண்டிக்கு மட்டும் தயங்காமல் சரி என்பேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. டிஃபரன்ஷியலின் உட்புறம் ஆர்சி புத்தகத்தில் வருவதில்லை என்று வாதாடலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டு சர்வேயரிடம் அந்த வாதத்தை எடுத்துச்செல்ல நான் விரும்ப மாட்டேன்.

வேலைக்கு இறங்குவதற்கு முன்

வண்டியில் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியலில் கை வைக்காதீர்கள். வெல்டிங் வைத்த பற்சக்கரங்களை மறுபடி பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் அதே மாடலின் டிஃபரன்ஷியல் ஒன்றை வாங்கி அதில் வேலையைச் செய்து, அசலைக் கழற்றி எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிவையுங்கள். ஜிப்சியில் பினியன், கிரவுன், கூடு எல்லாம் ஒரே தொகுப்பாக ஆக்சில் ஹவுசிங்கின் முன்புறமாகக் கழன்று வருவதால், மனம் மாறினால் ஒரு நாளில் மாற்றிப் பொருத்திவிடலாம்.

வாங்கும்போது கிரவுன் வீல், பினியன் பற்களில் குழி விழுந்திருக்கிறதா என்றும், இரண்டின் பல் எண்ணிக்கை உங்கள் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஃபோர்வீல் வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு விகிதம் இருந்தால், முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

இன்னொரு எச்சரிக்கை சில அமெரிக்க வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும். அவற்றில் ஆக்சில் ஷாஃப்ட்டின் உள் முனையை ஒரு சி வடிவக் கிளிப் பிடித்திருக்கும். குறுக்குப் பின்னை உருவிக் கூட்டுக்குள் கைவிட்டால்தான் அந்தக் கிளிப்பைப் போட முடியும். அந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பிவிட்டால் ஷாஃப்ட்டை மாட்டவே முடியாது.

வெல்டிங்

கூட்டைத் தூக்குவதற்கு முன் இரு பக்கப் பேரிங் மூடிகளிலும் 'பஞ்ச்' என்ற குத்துளியால் வெவ்வேறு அடையாளம் குத்திக்கொள்ளுங்கள். இடம் மாறினால் அவை பொருந்தா. சரிப்படுத்தும் வளையமோ ஷிம் எனும் மெல்லிய தகடோ எதுவாக இருந்தாலும் எந்தப் பக்கத்தது என்று குறித்துவையுங்கள். பின்பு கிரவுன் வீலையும் இரண்டு பேரிங்குகளையும் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் ஈரத்துணி சுற்றிப் பற்றவைக்கிறவர்கள் உண்டு. பொறி ஒன்று பேரிங்கில் விழுந்தாலும், சூடு ஏறிக் கிரவுன் வீலின் பற்கள் மென்மையானாலும், மிச்சப்படுத்திய அரை மணி நேரத்துக்கு மிக அதிக விலை கொடுக்க நேரும்.

பெரும்பாலான தோல்விகள் சுத்தம் செய்வதில்தான் தொடங்குகின்றன. கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் உண்டு. பற்களைக் காக்கும் அதே பொருள்கள் வெல்டிங்கில் கலந்தால் குமிழும் வெடிப்பும் உண்டாக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புக் கரைசல் கலந்த வெந்நீரில் தேய்த்து, நன்றாக உலர்த்தி, கடைசியாக அசிட்டோன் கொண்டு துடையுங்கள். அசிட்டோன் தீப்பற்றும், அது முழுதும் ஆவியாகி, டப்பாவும் துணியும் தொலைவுக்குப் போன பிறகே நெருப்பு எடுக்க வேண்டும். அடுத்து மெல்லச் சூடாக்கினால் இடுக்குகளில் தங்கிய எண்ணெய் புகைந்து வெளியேறும். புகை நின்றபின் மறுபடி துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயை மட்டும் இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். அதன் மிச்சத்தின் மீது ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்டது அதுதான்.

எதை எதோடு ஒட்டுவது என்பதில் குழப்பம் வேண்டாம். கூடு வார்ப்பிரும்பு, உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் எஃகு. வார்ப்பிரும்போடு எஃகைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டினால், ஆறும்போதே பக்கத்தில் முடிபோன்ற வெடிப்பு ஓடும். ஆகவே ஸ்டார் பினியனையும் சன் கியரையும் மட்டுமே ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டும். அந்தப் பற்சக்கரங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: பற்களின் மேல்தோல் கார்பன் ஏற்றிக் கடினமாக்கப்பட்டது. கிரைண்டரைக் கொண்டு, பற்றவைக்கும் இடத்தில் அந்தத் தோலை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்காவது உரித்து, இரு பற்சக்கரமும் சந்திக்கும் இடத்தில் வி வடிவப் பள்ளம் எடுங்கள்.

பிறகு கூட்டோடு சேர்த்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சீராகச் சூடாக்குங்கள். ராடு 7018 போன்ற லோ ஹைட்ரஜன் வகையாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் வெப்பத்திலும் நேரத்திலும் அதை உலர்த்திய பின்பே எடுங்கள். கடின எஃகுக்கென்று விற்கும் 312 ஸ்டெயின்லெஸ் ராடு விலை கூடியது, ஆனால் வெடிப்பைக் கூடுதலாகத் தாங்கும். முடிந்தால் நான் அதையே எடுப்பேன். எர்த் கிளாம்ப்பைக் கூட்டிலேயே மாட்டுங்கள். ஸ்ப்ளைன் துளைகளில் பொறி விழாதபடி அடைத்துவையுங்கள்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வரி போட்டதும் கூட்டைத் திருப்பி நேர் எதிர்ப்பக்கம் ஒரு வரி, பின்பு மறுபடி இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒரே பக்கம் குவித்தால் கூடு கோணிக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சுத்தியலால் கசடை முழுதும் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, ஒளியில் திருப்பிப் பாருங்கள். பற்களுக்கு இடையில் பெரிய இடைவெளி இருந்தால் அளவாக வெட்டிய எஃகுத் துண்டைச் செருகிச் சேர்த்துப் பற்றவைக்கலாம்.

முடிந்ததும் நீரில் அமிழ்த்தாதீர்கள், மின்விசிறி முன்னும் வைக்காதீர்கள். ஒரு தகர டின்னில் உலர்ந்த சாம்பலையோ மணலையோ நிரப்பி அதில் புதைத்து, மறுநாள் காலை எடுங்கள். அப்போதும் கைக்கு இளஞ்சூடாக இருந்தால் சரியாக ஆறுகிறது என்று பொருள். அதன்பின் டை பெனெட்ரன்ட் ஸ்பிரே அடித்துச் சோதியுங்கள்: சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிவப்புக் கோடாக எழும். கோடு தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டியெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். ஓடும் வண்டியில் ஒரு துண்டு உடைந்து கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே சிக்கினால் இரு பின் சக்கரங்களும் அந்த வேகத்திலேயே இறுகிப்போகும். இந்த வேலையில் நேரக்கூடிய மிகக் கொடிய விபத்து இதுதான்.

ஒட்டிக்கொண்டிருக்கும் பொறித்துளிகளை ஒன்றுவிடாமல் உளியால் நீக்கி, கழுவி, கிரவுன் வீலைக் கையேட்டில் உள்ள முடுக்க அளவில் பூட்டி, டயல் கேஜ் வைத்துப் பல்லிடைவெளியைச் சரிபாருங்கள். ஜிஎல்-5 வகை 80டபிள்யூ-90 கியர் ஆயிலைக் கையேடு சொல்லும் மட்டத்துக்கு ஊற்றலாம். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் அந்த எண்ணெயை வடித்து, வடிகால் போல்ட்டில் உள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மைபோன்ற நுண்தூள் இயல்பானது. விரலில் நெருடும் துகள் வந்தால் உடனே கழற்ற வேண்டும்.

ஓட்டும்போது

குறுகிய திருப்பங்களில் கிளட்ச்சை மிதித்து வண்டியை உருளவிட்டுத் திரும்பினால் ஆக்சிலுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவதும் மிதிப்பதும் ஆகாது. பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவும் ஒரே தேய்மானமும் ஒரே காற்றழுத்தமும் உடையவையாக இருக்க வேண்டும்; இல்லையேல் நேர்ச் சாலையிலும் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டே ஓடும்.

பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்க முடியுமானால் காற்றழுத்தத்தில் இயங்கும் லாக்கரை வாங்குவதே மேல். தேவைப்படும்போது பூட்டிக்கொள்ளலாம், சாலைக்கு வந்ததும் திறந்துவிடலாம். ஃபோர்ஸ் கூர்க்கா முன்னும் பின்னும் லாக்கரோடே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதே இல்லை. ஸ்பூல் என்று ஒரே துண்டாகக் கடைந்து செய்த பாகமும் உண்டு. ஓட்டத்தில் அது வெல்டிங்கைப் போலவே நடந்துகொள்ளும், பற்றவைத்த இடம் விட்டுப்போகும் அபாயம் மட்டும் இருக்காது.

கடைசியாக ஜாக்கி. சாதாரண வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சத்தம் கேட்பது மெக்கானிக்குகள் பலருக்கும் பழக்கம். தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும். வெல்டிங் வைத்த வண்டியில் அப்படிச் செய்தால் தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து சுழன்று வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரியாது. ஆகவே டேஷ்போர்டிலும் பின் ஆக்சில் மீதும் 'டிஃபரன்ஷியல் வெல்டிங் வைத்தது. இரு சக்கரமும் தூக்காமல் கியர் போடாதே' என்று பெயின்டால் எழுதிவையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.